ஐடிலில் நிற்காத கார்

காளியப்பா வீதியில் முதலில் காணாமல் போனவர் சலூன் தண்டபாணி. ஒரு வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு, வாடிக்கையாளர் ஒருவருக்கு வலது கன்னத்தை மழித்து முடித்து இடது கன்னத்தில் கத்தியை வைக்கப்போன நேரத்தில், கத்தி மட்டும் துண்டின்மேல் விழுந்தது, அதைப் பிடித்திருந்த ஆள் இல்லை. கண்ணை மூடியிருந்த வாடிக்கையாளர் சோப்பு நுரை காய்ந்து தோல் இழுக்கிற வரைக்கும் காத்திருந்து, பிறகு கண்ணைத் திறந்து, காலி அறையைப் பார்த்து, டீ குடிக்கப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டார். எட்டு நிமிஷம் கழித்து தண்டபாணி அதே இடத்தில், கையை அதே உயரத்தில் தூக்கியபடி நின்றுகொண்டிருந்தார். விரல் நுனியெல்லாம் வெகுநேரம் தண்ணீரில் ஊறியதுபோல் சுருங்கியிருந்தது, உடம்பு சில்லிட்டிருந்தது, சட்டையில் பெட்ரோல் வாசம் அடித்தது. கத்தி எங்கே போச்சு என்று அவர்தான் கேட்டார்.

அதே எட்டு நிமிஷம், நாலு கதவு தள்ளியிருந்த மயில்சாமியின் பட்டறையில், ஹரிசங்கரின் சிவப்புக் கார் தானாக ஆஃப் ஆகி, எடுக்க மாட்டேனென்று நின்றிருந்தது.

கோயமுத்தூரில் சங்கனூர்ப் பள்ளத்தை ஒட்டிய குறுகலான வீதி அது, முப்பத்தியொரு வீடு, இரண்டு கடை, ஒரு பட்டறை. மயில்சாமி அங்கே இருபத்தியாறு வருஷமாக இன்ஜின் வேலை பார்க்கிறவர், ஐம்பது தாண்டியவர், அதிகம் பேசாதவர். ஹரிசங்கர் பம்புசெட் கம்பெனி வைத்திருக்கிற குடும்பத்துப் பையன். வெளியூரில் எங்கேயோ கொடுத்து காரில் காற்றை அழுத்தி ஊட்டுகிற பெரிய டர்போவும் பெட்ரோலைப் பீய்ச்சுகிற பெரிய இன்ஜெக்டரும் போட்டு, ஆக்சிலேட்டரை விட்டால் புஸ்ஸென்று நாகம் சீறுகிற மாதிரி சத்தம் வருகிற ஒரு வால்வும் மாட்டியிருந்தான். ஓடும்போது பறந்தது. சிக்னலில் நின்று ஆக்சிலேட்டரை மிதிக்காமல் ஐடிலில் ஓடினால் மட்டும் உடம்பு நடுங்கும், ஆர்.பி.எம் முள் ஐந்நூறுக்கும் ஆயிரத்துக்கும் நடுவே அலையும், வேகத்திலிருந்து சட்டென்று காலை எடுத்தால் முள் அப்படியே கீழே விழுந்து இன்ஜின் செத்துப்போகும். அதைச் சரிபண்ணத்தான் மயில்சாமியிடம் கொண்டுவந்து விட்டிருந்தான்.

இரண்டாவதாகப் போனது இஸ்திரி போடுகிற பெரியநாயகம், நான்கு நிமிஷம். அவர் வருவதற்குள் ஒரு வேட்டி கருகிவிட்டது. மூன்றாவது, ஆறாம் வகுப்புப் படிக்கிற ஒரு பிள்ளை, பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேட்டுக்கு எழுந்து நின்று உள்ளேன் ஐயா என்று சொன்ன கையோடு. அவளும் வந்தாள், சில்லிட்டு, பெட்ரோல் வாசத்தோடு. அப்போதுதான் டியூஷன் எடுக்கிற பத்மினி டீச்சர் ஒரு நோட்டைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். மூன்று பேர் போன நேரமும் வந்த நேரமும் அதில் இருந்தது. கார் எப்போது தானாக ஆஃப் ஆச்சு, எப்போது மறுபடி எடுத்து ஐடிலில் நின்றது என்று மயில்சாமியிடம் கேட்டு, பக்கத்திலேயே எழுதினார். நிமிஷம்கூடப் பிசகவில்லை. சாவியைத் திருப்பி அணைத்தால் யாருக்கும் ஒன்றுமில்லை, அதுவாக அணைந்தால் வீதியில் ஒரு ஆள் குறைகிறது, திரும்ப ஓடினால் அந்த ஆள் வருகிறது. அவ்வளவுதான் விஷயம் என்று டீச்சர் சொன்னபோது, கூடியிருந்தவர்கள் ஏன் என்று கேட்கவில்லை. அடுப்பில் பால் வைத்திருக்கிறவர்கள் என்ன செய்வது என்று கேட்டார்கள்.

காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போய் துடியலூர் தாண்டி ஒரு காலி இடத்தில் விட்டுப் பார்த்தார்கள். அங்கே ஹரிசங்கர் வந்து ஒரு தடவை ஓட்டினான், அங்கே அது ஆஃப் ஆனது, இங்கே காளியப்பா வீதியில் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒருத்தி பதினோரு நிமிஷம் இல்லாமல் போனாள். பேசாமல் சாவியைப் பிடுங்கி வைத்துவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். கார் அவனுடையது, இன்றைக்குக் கொடுக்காவிட்டால் நாளைக்கு வந்து கேட்பான், எந்த ஊர் சிக்னலில் அது நின்றாலும் போகிறது நம்ம ஆள்தான், அதனால் திரும்பக் கொண்டுவந்து இங்கேயே, நம் கண்முன்னால் வைத்துச் சரிபண்ணிவிட வேண்டும் என்றார் மயில்சாமி. ஹரிசங்கருக்கு விஷயத்தைச் சொன்னபோது அவன் சிரிக்கவில்லை, வெளுத்துப்போனான். எவ்வளவு நாளானாலும் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்துப் போனான்.

அதற்குப் பிறகு வீதி தன் நடையை மாற்றிக்கொண்டது. ஒரு அடுப்புக்கு இரண்டு பேர் என்று ஆனது. கைக்குழந்தையைத் தூக்குகிறவள் உட்கார்ந்துதான் தூக்கினாள், கீழே இன்னொருத்தியின் மடி இருந்தது. தண்டபாணி கத்தியை உள்ளே வைத்துவிட்டு கத்தரிக்கோலோடு நிறுத்திக்கொண்டார், வீதி ஆண்களெல்லாம் மூன்று நாள் தாடியோடு வேலைக்குப் போனார்கள். வீதி முனை வந்ததும் பைக்கை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தார்கள், ஊருக்குள்ளும் பஸ்ஸிலேயே போனார்கள். மில்லுக்குப் போகிறவர்கள், நான் திடீரென்று இல்லாமல் போனால் மெஷினை அணைத்துவிடு, வந்துவிடுவேன் என்று பக்கத்து ஆளிடம் சொல்லிவைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் அந்தப் பிள்ளையின் பெயருக்கு நேரே விடுப்பு என்று எழுதாமல் வண்டி என்று எழுதினார்கள். மயில்சாமி ஒரு தண்டவாளத் துண்டைப் பட்டறை வாசலில் தொங்கவிட்டார். இன்ஜினை எடுப்பதற்கு முன்னால் அதை மூன்று தடவை அடிப்பார், உடனே வீதியில் எல்லோரும் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு இருந்த இடத்திலேயே உட்கார்ந்துகொள்வார்கள். அந்த நேரத்தில் காளியப்பா வீதியில் நாய் குரைப்பதும் கார் நடுங்குவதும் தவிர வேறு சத்தம் கிடையாது. இன்ஜின் அடங்கியதும் பத்மினி டீச்சர் நோட்டைப் பார்த்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார், வீட்டுக்குள்ளிருந்து ஒவ்வொரு குரலாக வரும். ஒரு பெயருக்கும் அதற்கான குரலுக்கும் நடுவில் இருக்கிற அந்த இடைவெளிக்குத்தான் எல்லோரும் பயந்தார்கள். மயில்சாமியே போய்விட்டால் காரை எடுக்க ஆள் வேண்டுமே என்று டீச்சர் அதை எடுக்கக் கற்றுக்கொண்டார்.

மயில்சாமி ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிளக் நான்கையும் கழற்றி இடைவெளி சரிபார்த்தார், காயிலை மாற்றி மாற்றிப் போட்டார், த்ராட்டிலைக் கழுவினார், உள்ளே போகிற காற்றை அளக்கிற சென்சாரைக் கழுவினார், கம்ப்ரஷன் பார்த்தார். லேப்டாப்பை மாட்டினால் காரின் கம்ப்யூட்டர் ஒரே புகாரைச் சொன்னது: ஐடிலில் பெட்ரோலுக்கு மேல் காற்று அதிகம். அப்படியென்றால் அளக்காத காற்று எங்கேயோ வழியில் நுழைகிறது. இன்ஜினை அணைத்துவைத்து, டின்னில் எண்ணெய்த் துணியைப் புகையவைத்து, அந்தப் புகையைக் காற்றுக் குழாய்க்குள் அழுத்திவிட்டு, எங்கே கசிகிறது என்று பானட்டுக்குள் தலையை விட்டு ஒரு மணிநேரம் பார்த்தார். எங்கேயும் ஒரு இழை புகை வரவில்லை. இருபத்தியாறு வருஷத்தில் அவருக்கு அகப்படாத கோளாறு இருந்ததில்லை என்று வீதி நம்பியது. அன்றைக்குச் சாயங்காலம் அவர் கைகழுவிவிட்டு வந்து உட்கார்ந்த விதத்தைப் பார்த்து ருக்மணிக்குத்தான் முதலில் பயம் வந்தது.

ருக்மணி அவர் மனைவி. வீட்டில் இரண்டு பேர்தான். பட்டறைக்கு எதிரே இருக்கிற தெருக்குழாயில் அவள்தான் முதல் ஆளாகக் குடம் வைப்பாள்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மயில்சாமி தண்டவாளத்தை மூன்று தடவை அடித்தார். ருக்மணி குடத்தைக் கீழே வைத்துவிட்டு குழாயடிக் கல்லில் உட்கார்ந்ததை அவரே பார்த்தார். உள்ளே ஏறி, இன்ஜினை எடுத்து, டர்போ விசில் அடிக்கிற வரைக்கும் மிதித்து, சட்டென்று காலை எடுத்தார். வால்வு புஸ்ஸென்றது. உள்ளே எங்கேயோ டிக்கென்று ஒரு சின்னச் சத்தம். முள் நேராகப் பூஜ்யத்துக்கு இறங்கியது. தலையைத் தூக்கிக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். குடம் இருந்தது, அதற்குள் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. டீச்சர் முப்பத்தியொரு வீட்டுப் பெயரையும் கூப்பிட்டு முடிக்கிற வரைக்கும் அவர் காரைவிட்டு இறங்கவில்லை.

சாவியைத் திருப்பினார். இன்ஜின் பிடித்தது, இரண்டு விநாடி ஓடியது, செத்தது.

அந்த இரண்டு விநாடி, ருக்மணி குழாயடிக் கல்லில் இருந்தாள். பார்த்தவர்கள் ஏழெட்டுப் பேர். உட்கார்ந்திருக்கவில்லை, நின்றிருந்தாள், ஒரு கால் முன்னால் எடுத்துவைத்தபடி, வாய் திறந்திருந்தது. பிறகு இல்லை. மறுபடி திருப்பினார், மறுபடி இரண்டு விநாடி, மறுபடி அவள், இந்தத் தடவை புடவை முழங்கால்வரை நனைந்து. பேட்டரி இறங்குகிற வரைக்கும் திருப்பினார். ஒவ்வொரு தடவையும் அவள் வந்து வந்து போவதைப் பார்க்க முடியாமல் பெரியநாயகம் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். இவ்வளவு நாள் போனவர்களெல்லாம் எதுவும் நினைவில்லாமல் முழுசாகத் திரும்பி வந்தவர்கள். இப்படி ஒருத்தர் கண்ணெதிரே அறுந்து அறுந்து தெரிந்ததை அந்த வீதி பார்த்ததில்லை.

செவ்வாய்க்கிழமை வேறு பேட்டரி போட்டு எடுத்தார். அவள் எதையோ சொல்ல வருகிறாள் என்று பத்மினி டீச்சர் கல்லுக்குப் பக்கத்திலேயே போய் நின்றுகொண்டார். நாலாவது தடவை கேட்டது. ஐந்தாவது, ஆறாவது தடவையும் அதேதான் கேட்டது. டீச்சர் பட்டறைக்குள் வந்து, ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த மயில்சாமியின் கைமேல் கையை வைத்தார்.

"ணா, வேண்டாங்ணா. நிறுத்துன்னு சொல்றாங்க."

"நல்லாக் கேட்டீங்களா டீச்சர்?"

"நிறுத்... அதுக்கு மேல போயிடறாங்க. மூணு தடவையும் அதே வார்த்தைதான்."

மயில்சாமி சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு தடவை தான் திருப்பும்போதும் அவளுக்கு வலிக்கிறது போலிருக்கிறது, பாதியில் பிய்த்து இழுக்கிற மாதிரி இருக்கிறது போலிருக்கிறது என்று நினைத்தார். அன்று மீதிப் பகலும் மறுநாள் புதன்கிழமை முழுக்கவும் அவர் காரைத் தொடவில்லை. வீதியில் ஒரு வீட்டிலும் தாளித்த வாசனை வரவில்லை. குழாயடிக் கல்லை யாரும் மிதிக்கவில்லை, தண்ணீர் பிடிக்கிறவர்கள் சுற்றிப் போய்ப் பிடித்தார்கள். வேறு மெக்கானிக்கைக் கூட்டிவரலாமா என்று தண்டபாணி கேட்டார். கூட்டி வந்தாலும் அவரும் எடுத்துத்தானே பார்க்கணும், எடுத்தா அவ வருவா, வந்தா நிறுத்தும்பா என்று சொல்லிவிட்டு மயில்சாமி காரின் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார்.

உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் ஹெட்லைட்டுக்குப் பின்னால், பம்பருக்குள் மறைந்து, அந்தப் புஸ் வால்வின் வாய் தெரிந்தது. பளபளவென்று மெருகேற்றிய அலுமினியம். மேலிருந்து பானட்டைத் திறந்து பார்த்தவருக்கு இத்தனை நாள் கண்ணில் படாத வாய். காலை எடுக்கும்போது டர்போவில் மிஞ்சுகிற காற்றை வெளியே விடத்தான் அது இருக்கிறது, மற்ற நேரம் ஸ்பிரிங் அதை இறுக மூடி வைத்திருக்கும். புகை விட்டுப் பார்த்தபோதும் மூடித்தான் இருந்தது. ஆனால் புகை விட்டபோது இன்ஜின் ஓடவில்லை. ஓடுகிற இன்ஜின் ஐடிலில் காற்றை உறிஞ்சும், அந்த உறிஞ்சல் ஒரு குழாய் வழியாக இந்த வால்வின் தலைக்கும் போகும், ஸ்பிரிங் நோஞ்சானாக இருந்தால் அந்த இழுப்புக்கே வாய் திறந்துகொள்ளும். அப்படியானால் சென்சார் அளக்காத காற்று இதன் வழியாக உள்ளே நுழையும், கார் நடுங்கும். வேகத்திலிருந்து காலை எடுத்தால் சென்சார் எண்ணி உள்ளே விட்ட காற்று இதன் வழியாக வெளியே போகும், உள்ளே இல்லாத காற்றுக்குக் கம்ப்யூட்டர் பெட்ரோல் ஊற்றும், இன்ஜின் மூச்சு முட்டிச் சாகும். திங்கட்கிழமை கேட்ட டிக்கென்ற சத்தம் ஸ்பிரிங் முறிந்த சத்தமாக இருக்கலாம். இருக்கலாம் என்பதுதான். தெரிந்துகொள்ள ஒரே வழி, இன்ஜின் ஓடுகிற அந்த இரண்டு விநாடியில் பார்ப்பது.

வியாழக்கிழமை காலை அவர் டீச்சரைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்தார். அவங்க வேண்டாங்கறாங்களேண்ணா என்று டீச்சர் சொன்னதற்கு, ஒரே ஒரு தடவை, அதுக்கு மேல அவ என்னை என்ன திட்டினாலும் வாங்கிக்கறேன் என்றார்.  வீதியே உட்கார்ந்தது, தண்டவாளத்தை அடிக்காமலேயே. மயில்சாமி தரையில் மல்லாந்து படுத்து, வேட்டி ஓரத்திலிருந்து ஒரு நூலைப் பிரித்து, வால்வின் வாய்க்கு முன்னால் தொங்கப் பிடித்தார்.

டீச்சர் திருப்பினார். இன்ஜின் பிடித்தது. குழாயடியிலிருந்து அந்தப் பாதி வார்த்தை வந்தது. வெளியே மட்டும் விட வேண்டிய அந்த வாய், மயில்சாமியின் விரலிலிருந்து நூலை உருவி உள்ளே விழுங்கியது.

அவர் எழுந்து டிக்கியைத் திறந்தார். ஹரிசங்கர் கழற்றிப் போட்ட பழைய சாமான்களெல்லாம் ஒரு அட்டைப் பெட்டியில் இருந்தன. அதில் காரோடு வந்த கம்பெனி வால்வு இருந்தது, சத்தம் போடாதது, மிஞ்சுகிற காற்றை வெளியே துப்பாமல் ஒரு குழாய் வழியாக மறுபடி இன்ஜினுக்கே திருப்பிவிடுவது. நாற்பது நிமிஷ வேலை. அந்தப் புஸ் வால்வைக் கழற்றியதும் அதற்குள்ளிருந்து ஸ்பிரிங் இரண்டு துண்டாக விழுந்தது. அதைப் பார்த்த பிறகும் அவருக்கு நிம்மதி வரவில்லை, கிளாம்ப் திருகுகிற ஸ்க்ரூடிரைவர் இரண்டு தடவை வழுக்கி விரலைக் கிழித்தது. முடித்துவிட்டு, சாவியைத் தானே வாங்கிக்கொண்டு ஏறினார். கண்ணை மூடிக்கொண்டு திருப்பினார்.

இன்ஜின் பிடித்தது. ஒரு விநாடி, இரண்டு, மூன்று. முள் ஆயிரத்துக்கு ஏறி எண்ணூற்றைம்பதுக்கு வந்து, ஆணியடித்த மாதிரி நின்றது. குழாயடிக் கல்லில் நின்றிருந்த ருக்மணி, நான்கு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தையை முடித்தாள்.

"நிறுத்தாதீங்க."

பத்மினி டீச்சர் அந்த இடத்திலேயே வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ருக்மணியை வீட்டுக்குள் கூட்டிப்போய் மூன்று போர்வை போர்த்தினார்கள். இன்ஜினை ஒரு மணிநேரம் அணைக்காமல் ஓடவிட்டார் மயில்சாமி. பிறகு கடைசியாக ஒரு வேலை மிச்சமிருந்தது, அதை வீதியில் எல்லோரும் அறிந்திருந்தார்கள். மிதித்துக் காலை எடுத்துப் பார்க்காமல் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது, சரியாகாமலிருந்தால் இன்னொரு ஆள் போகும். யாரையும் அவர் கேட்கவில்லை. அவர்களாகவே வாசலுக்கு வந்து, வரிசையாக உட்கார்ந்து, பக்கத்து ஆளின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். விசில் வரைக்கும் மிதித்தார், விட்டார். சீறல் இல்லை. முள் விழுந்தது, அறுநூறு வரைக்கும் வந்தது, பிடித்த கைகள் இறுகின, முள் ஏறி எண்ணூற்றைம்பதில் நின்றது. பெயர் கூப்பிட்டார்கள், எல்லாக் குரலும் வந்தது. அறுபது தடவை அப்படிச் செய்தார், அறுபது தடவையும் எல்லாக் குரலும் வந்தது. சாயங்காலம் ஹரிசங்கர் வந்து, சத்தம் எங்கேண்ணா என்று கேட்க வாயெடுத்து, வீதியில் உட்கார்ந்திருந்தவர்களின் முகங்களைப் பார்த்துவிட்டு, கேட்காமல் ஓட்டிக்கொண்டு போனான்.

தண்டபாணி கத்தியைத் தீட்டினார். அடுப்புகள் எரிந்தன. ருக்மணி மட்டும் சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு பிசையாமல் உட்கார்ந்திருந்தாள். மயில்சாமி எதிரே உட்கார்ந்து, புதன்கிழமை ஒரு நாள் நான் நிறுத்திட்டேன் என்று சொன்னார். தெரியும் என்றாள், மற்றவர்களைப் போலில்லாமல் அவளுக்கு எல்லாம் நினைவிருந்தது. அங்கே முழங்கால் தண்ணீர், வெளிச்சம் கிடையாது, நேரமும் தெரியாது. தூரத்தில் இன்ஜினை எடுக்கிற செல்ஃப் மோட்டார் சுற்றுகிற சத்தம் கேட்டால் அதை நோக்கி நடக்கலாம், சத்தம் நின்றால் எந்தப் பக்கம் என்று தெரியாமல் போய்விடும். அவர் ஒவ்வொரு தடவை திருப்பும்போதும் ஐந்தாறு அடி நடந்தோம் என்றாள்.

"நடந்தோமா?"

"நான் மட்டும் இல்லீங்க. பத்து இருபது பேர் இருப்பாங்க. கேட்டது நம்ம வண்டிச் சத்தம் ஒண்ணுதான். இது என் வண்டி இல்ல, இது என் வண்டி இல்லன்னு சொல்லிக்கிட்டே கூட நடந்தாங்க."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தது ஒரு பெண்பிள்ளை. பேர் கோகிலவாணி, பதினேழு வயசு, காலையில் காலேஜில் சேர ஃபாரம் வாங்கக் கிளம்பினேன் என்றாளாம். போனா எங்க அம்மாகிட்டச் சொல்லுங்கக்கா, அன்னூர் ரோட்டில் அரிசி மில்லுக்குப் பின்னால் பச்சை வேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தாளாம். ருக்மணிக்கு வெளிச்சம் வந்தபோது அந்தக் கை நழுவிவிட்டது.

மறுநாள் காலையில் இரண்டு பேரும் பேட்டரியும் டூல்ஸ் பையும் எடுத்துக்கொண்டு ஒரு ஆட்டோவில் போனார்கள். அரிசி மில் மூடிப் பல வருஷமாகியிருந்தது. பின்னால் ஒரு பச்சை வேன், டயர் நான்கும் மண்ணில் புதைந்து, பானட்டுக்குள்ளிருந்து கோவைக்கொடி வெளியே வந்து காய்த்திருந்தது. ஓட்டிக்கொண்டிருந்தபோது தானாக ஆஃப் ஆனது, அதற்கப்புறம் யாரும் எடுக்கவில்லை என்றார்கள். கோகிலவாணியின் வீடு எது என்று ருக்மணி கேட்டதும் விசாரித்த இடத்தில் முகம் சுளித்தார்கள். அது எவனோடோ ஓடிப்போய்ப் பதினோரு வருஷம் ஆச்சே என்றார்கள்.

அம்மாக்காரி வெளியே வந்தாள். ஐம்பது வயசுதான் இருக்கும், எழுபது சொல்லலாம். ருக்மணி வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னாள், தண்ணீர், இருட்டு, பிடித்திருந்த கை, ஃபாரம். அந்தம்மா எப்படி, எங்கே என்று ஒன்றும் கேட்கவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டு முடித்துவிட்டு, ஒன்றே ஒன்று கேட்டாள்.

"சாப்ட்டாளாங்க?"

மயில்சாமி கொடியை அறுத்து, எலிக்கூட்டை வாரிப்போட்டு, பழைய டீசலை இறக்கிப் புதுசு ஊற்றி, ஃபில்ட்டர் மாற்றி, பேட்டரியைக் கட்டினார். மதியமாகிவிட்டது. ஊர்க்காரர்கள் மில் சுவரோரம் நிழலில் வந்து நின்றார்கள். அந்தம்மா பானட்டின்மேல் இரண்டு உள்ளங்கையையும் வைத்துக்கொண்டு நின்றாள், சூடு பொறுக்காத வெயிலில். ருக்மணி பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

திருப்பினார். இன்ஜின் முனகியது, ஒரு சுற்று சுற்றியது, இன்னொரு சுற்று, பிடிக்கவில்லை. பத்து விநாடிக்கு மேல் விட்டால் செல்ஃப் மோட்டார் கருகிப்போகும். அவர் கையை எடுத்தார், சத்தம் நின்றது. எங்கேயோ ஒரு பிள்ளை ஐந்தாறு அடி நடந்துவிட்டு, எந்தப் பக்கம் என்று தெரியாமல் தண்ணீரில் நிற்கிறது என்பது அந்த வேனுக்குள் இரண்டு பேருக்குத் தெரிந்திருந்தது. மோட்டார் ஆற வேண்டும்.  ருக்மணி முன் கண்ணாடி வழியாக அந்தம்மாவையே பார்த்துக்கொண்டு, உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

"ஆறியிருக்கும்," என்றாள். "போடுங்க."